கடைவாய்க் கணக்கு

எனக்கு ஞானம் வந்தது முப்பத்து நாலாவது வயதில். வந்ததும் குறுக்கே வந்தது.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "உங்க ஞானப்பல் நிமிர்ந்து வராம படுத்துக்கிட்டிருக்கு சார். முன்னால இருக்கற பல்லை முட்டுது. ஈறைக் கீறி, கொஞ்சம் எலும்பையும் ராவித்தான் எடுக்கணும்."

என் கவலை பல்லைப் பற்றியே அல்ல. எட்டு மாதம் ஜிம்முக்குப் போய், "என்ன சார், ஆளே மாறிட்டீங்க!" என்று நாலு பேர் கேட்கிற அளவுக்குச் சேர்த்து வைத்திருந்த புஜங்களைப் பற்றியது.

"எக்சர்சைஸ் பண்ணலாமா டாக்டர்?"

"ஒரு வாரம் மூச். பல் எடுத்த குழியை உறைஞ்ச ரத்தம்தான் மூடியிருக்கும். புண்ணுக்கு அதுதான் பிளாஸ்திரி. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக்கூடாது, பலமாத் துப்பக்கூடாது. தம் அடிச்சாலும் ஆபத்து, தம் பிடிச்சு வெயிட் தூக்கினாலும் ஆபத்து. பிளாஸ்திரி பிய்ஞ்சு எலும்பு வெளியே தெரிஞ்சா, வலி காது வரைக்கும் போகும்."

தலையாட்டினேன். எல்லா நோயாளிகளும் ஆட்டுவது போலத்தான்.

பி.காம். படித்தவனுக்கு உலகமே வரவு செலவு. பல்லை எடுத்த அன்று ராத்திரியே நோட்டில் கோடு போட்டு உட்கார்ந்தேன். என் எடை 70 கிலோ. எடை தூக்குகிறவனுக்குக் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் என்றால் 112 கிராம். முட்டை ஒன்றுக்கு 6 கிராம். 200 மில்லி பாலுக்கும் ஏறக்குறைய அதே 6. பன்னீர் 100 கிராமுக்கு 18. எல்லாம் சரி, வாய் ஒரு விரல் அகலத்துக்குத்தான் திறந்தது! அன்றைய வரவு: ஆறின பால் ரெண்டு தம்ளர், ஐஸ்கிரீம் ஒரு கப். 'நிகர நஷ்டம்' என்று எழுதிவிட்டுப் படுத்தேன்.

மூன்றாம் நாள் பொறுக்கவில்லை. மனைவியிடம் தபால் ஆபீஸ் என்று சொல்லிவிட்டு ஜிம்முக்குப் போனேன். ரெண்டாவது தடவை பாரைத் தூக்கும்போது வாய்க்குள் உப்புக் கரித்தது. கண்ணாடியில் பார்த்தால், பி.எஸ். வீரப்பா சிரிப்பதற்கு முன்னால் கொஞ்சம் ரத்தம் குடித்துவிட்டு வந்த மாதிரி இருந்தேன்.

டாக்டர் பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டு, நான் பதில் பேச முடியாத நேரம் பார்த்துத் திட்டினார். "ஒரு வாரம் சும்மா இருந்தா தசை கரைஞ்சிடாது சார். அந்த ஒரு வாரம் பட்டினி கிடந்தாத்தான் கரையும். புண் ஆறவும் சாப்பாடு வேணும். போய்ச் சாப்பிடற வழியைப் பாருங்க."

அதாவது, தசைக்கு ஒரே வாரத்தில் தேய்மானம் எழுத முடியாது. காலேஜில் இதைச் சொல்லித் தரவில்லை.

மனைவி தயிர்சாதத்தைக் குழையப் பிசைந்து கொடுத்தாள். மூன்றாவது வாயில் தாளித்த கடுகு ஒன்று நேராகப் போய்க் குழிக்குள் குடியேறியது. நான் எழுந்து குதித்தேன்.

"கடுகு தாளிக்காதேம்மா. எனக்கும் அப்படித்தான், ஈறுல போய் உட்கார்ந்து உயிரை வாங்கும்" என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

நிமிர்ந்து பார்த்தேன். அப்பாவுக்குப் பல்லெல்லாம் எடுத்து மூன்று வருஷமாகிறது. பல் செட்டு உறுத்துகிறது என்று தம்ளரில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டார். மூன்று வருஷமும் எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். அவர் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளாவது பார்த்தேனா?

அன்று அவரே அடுப்படிக்கு வந்தார். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, மத்தால் கடைந்து, நெய் விட்டு, வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தார். "நல்ல பக்கமா ஸ்பூனைச் சாய்ச்சு விடு. அவசரப்படாதே." 50 கிராம் பருப்பு. 11 கிராம் புரதம். மூன்று நாளில் முதல் தடவையாக வயிறு நிறைந்தது.

ராத்திரி நோட்டில் புதுப் பக்கம் திருப்பி அப்பா பெயரை எழுதினேன். காலை கஞ்சி, மத்தியானம் ரசம் சாதம், ராத்திரி பால் சாதம், ரெண்டு வேளை காபி. எப்படிக் கூட்டினாலும் 25 கிராமைத் தாண்டவில்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி கிலோவுக்கு 0.83 கிராம். அப்பாவின் 55 கிலோவுக்குச் சுமார் 46. சட்டை தோளில் தொங்குவதை 'வயசாச்சு' என்ற தலைப்பில் எழுதி வைத்திருந்தேன். தப்புக் கணக்கு!

மறுநாளிலிருந்து ரெண்டு பேருக்கும் ஒரே மெனு. கடைந்த பருப்பு, மெத்தென்று கிளறிய முட்டை, மசித்த பன்னீர், கெட்டித் தயிர், பாலில் கரைத்த வாழைப்பழம். அப்பாவுக்குக் கிட்னி கோளாறு எதுவும் இல்லை என்று அவருடைய டாக்டரிடம் முதலில் கேட்டுக்கொண்டேன்.

பத்தாம் நாள் டாக்டர் சரி சொன்னதும் பாதி எடையோடு ஜிம்மில் ஆரம்பித்தேன். புஜம் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. அதே வாரம் அப்பாவையும் பல் செட்டையும் அந்த டாக்டரிடமே அழைத்துப் போனேன். பல் போனால் தாடை எலும்பு மெள்ளச் சுருங்குமாம். செட்டு லூசாகி உறுத்துவது அதனால்தானாம். உள்பக்கம் சரிசெய்து கொடுத்தார்.

பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்னடா யோசனை?"

"இதை எந்தத் தலைப்புல எழுதறதுன்னு பார்க்கறேன்ப்பா."

அப்பா புதுப் பல் தெரியச் சிரித்தார்.

"பழைய பாக்கின்னு எழுதிக்கோ!"