தருவைகுளத்தில் 40 அடித் திரை

தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சுமார் 20 கிலோ மீட்டர் போனால் தருவைகுளம். வழியெல்லாம் உப்பளம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், ஓரத்தில் அம்பாரமாக உப்பு, அதன் தலையில் பனை ஓலைத் தொப்பி. மே மாத மத்தியானத்தில் ஜன்னல் சீட் கிடைத்துவிட்டதே என்று பூரித்துப் போனேன். அஞ்சே நிமிஷம். கண் கூசிப்போய் பக்கத்து சீட் பெரியவருக்கு அதைத் தானம் செய்துவிட்டேன். ('எனக்குத் தெரியாதா?' என்பது போல அவர் துண்டால் முகத்தை மூடித் தூங்கிவிட்டார்.)

நான் போனது உப்புக்காகவும் அல்ல, முத்துக்காகவும் அல்ல. இந்தப் பக்கம் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். நான் போனது ஒரு புரொஜக்டருக்காக!

என்னோடு வேலை பார்க்கும் நண்பருக்கு அதுதான் ஊர். சென்னையில் எங்கள் ஆபீஸில் மீட்டிங் என்றால் புரொஜக்டர் ஒயரைச் சொருகுவது அடியேன் உத்தியோகம். அந்த ஒரே தகுதியை வைத்து ஊரில் என்னை 'இன்ஜினீயர்' ஆக்கிவிட்டார் நண்பர். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில். செவுள் வலையோடு ஆழ்கடலுக்குப் போய் நாள் கணக்கில் அங்கேயே கிடக்கிற ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஊரில் இருப்பது அப்போதுதான். அந்தச் சமயத்தில் மைதானத்தில் பெரிய திரை கட்டிப் படம் போட வேண்டும் என்பது இளைஞர்களின் திட்டம். எவ்வளவு பெரிசு?

''40 அடிண்ணே! தூத்துக்குடி தியேட்டர்க்காரன் வந்து பாத்து அசந்துரணும்.''

வசூல் நோட்டைக் காட்டினார்கள். 200, 100, 500 என்று பேனாவில், பென்சிலில். வருமானமே இல்லாத இரண்டு மாதத்தில் கொடுத்த பணம். அதைப் பார்த்த பிறகு ஆபீஸ் ஜோக்கெல்லாம் எனக்குத் தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது.

''மிஷின்கூட பாத்து வச்சாச்சுண்ணே. 20,000 லூமன்ஸ். வெல பதினஞ்சாயிரந்தான். ஆர்டர் போட வேண்டியதுதான் பாக்கி.''

லூமன் என்பது மிஷின் மொத்தமாக எவ்வளவு வெளிச்சத்தைக் கக்குகிறது என்பதன் அளவு. அட்டைப் பெட்டி மேல் யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், கேட்பாரில்லை. 'அன்ஸி லூமன்' என்று போட்டிருந்தால்தான் கொஞ்சம் கௌரவம்: திரையில் ஒன்பது இடத்தில் அளந்து சராசரி பார்த்த கணக்கு அது. பெட்டியில் 20,000 என்று அடித்திருக்கும் பொம்மை மிஷின்களை அப்படி அளந்தால் சில நூறு தேறுவதே அபூர்வம்.

எவ்வளவு வேண்டும்? இதற்குச் சினிமாக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு ரொம்பச் சுலபம். டிஜிட்டல் தியேட்டருக்கு விதி வகுத்த ஹாலிவுட் கம்பெனிகளின் கூட்டமைப்பு 2005-ல் வெளியிட்ட வரையறைப்படி, சாதாரண வெள்ளைத் திரையில் ஒரு சதுர அடிக்குச் சுமார் 14 லூமன் விழ வேண்டும். 40 அடி அகலம் என்றால் உயரம் 22½ அடி. பெருக்கினால் 900 சதுர அடி. 14-ஆல் பெருக்கினால் 12,600 லூமன். அசல் லூமன்! பதினஞ்சாயிரம் ரூபாய் மிஷினை இந்தத் திரை மேல் அடித்தால் தெருவிளக்கு வெளிச்சத்தில் பேப்பர் படிக்கிற கதைதான். ஹீரோ எது, வில்லன் எது என்று வசனத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அகலத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் வெளிச்சம் பாதியாகும் என்றுதான் நாம் நினைப்போம். உயரமும் கூடவே இரட்டிப்பதால் கால்வாசி ஆகிவிடுகிறது.

''அப்ப 4கே மிஷின் வாங்கினா சரியாயிருமா?'' என்றார் ஒருவர். இது எல்லா ஊரிலும் கேட்கிற கேள்வி. தியேட்டர்களில் நாம் 'டிஜிட்டல்' என்று பார்த்த படங்களில் பெரும்பாலானவை 2கே. அதாவது குறுக்கே 2,048 புள்ளி. வீட்டு ஃபுல் ஹெச்டி 1,920 புள்ளி. வித்தியாசம் அவ்வளவுதான்! 40 அடியில் ஃபுல் ஹெச்டியை விரித்தால் ஒரு புள்ளி கால் அங்குலம். முன் வரிசையில் மணலில் மல்லாந்து கிடக்கும் வாண்டுகள் எண்ணிப் பார்க்கலாம், மற்றவர்களுக்குத் தெரியாது. புள்ளிக்குக் கொடுக்கும் காசை வெளிச்சத்துக்குக் கொடுங்கள் என்றேன்.

புரொஜக்டர் தேர்வு செய்வதில் நம்மூருக்கு முன்னோடி உண்டு. திருச்சியில் ரயில்வே டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் 2,250 ரூபாய்க்கு புரொஜக்டரையும் படச்சுருளையும் வாங்கிக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். (ஆபீஸ் நண்பர்களே, 'எந்திரிச்சுப் போயிடலாமா' என்று நமக்கும் தோன்றுகிறது. அவர் போயேவிட்டார்.) அப்புறம் 2,563 சீட்டோடு மதுரை தங்கம் தியேட்டர் 1952-ல் வந்தது. அவ்வளவு பேருக்கும் படம் காட்டிய காலத்தில் வெளிச்சத்துக்கு ஆதாரம் இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே எரிந்த மின்பொறி. குச்சி தேயத் தேய ஆபரேட்டர் நகர்த்திக்கொண்டே இருப்பார். பிறகு ஸீனான் விளக்கு. இப்போது லேசர், விளக்கு மாற்றுகிற தொல்லை இல்லாமல் 20,000 மணி நேரத்துக்கும் மேல் ஓடும்.

பெரிய திரைக்குப் பெரிய ஊர் வேண்டும் என்பதும் இல்லை. ஸ்ரீஹரிகோட்டா பக்கத்தில் ஆந்திராவின் சூலூர்ப்பேட்டையில், 2019-ல் சுமார் 100 அடி அகலத்தில் ஒரு திரை திறந்தார்கள். சென்னையிலிருந்து கார் எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கிறார்கள் நம்மவர்கள். ஆனால் அங்கே நாலு சுவர் இருக்கிறது. தருவைகுளத்தில் கடல் இருக்கிறது.

இந்த விஷயத்தை நான் சொல்லவில்லை. ஓரமாக உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு தாத்தா சொன்னார்.

''ஏலே, 40 அடிக்கு வெள்ளத் துணிய நிமித்திக் கட்டுதீகளே... அதுக்குப் பேரு என்னல?''

''ஸ்கிரீன் தாத்தா.''

''பாய்லே! கச்சான் காத்து அடிச்சா மைதானத்தோட கெளம்பி கற்பிட்டிக்குப் போயிரும். அப்புறம் இலங்கை நேவிகிட்டருந்து ஒங்கள மீக்கதுக்கு முதலமைச்சர் டெல்லிக்குக் கடிதாசி எழுதணும்.''

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அங்கே அந்த ஜோக்குக்கு எல்லோரும் ஒரே மாதிரி சிரிக்கவில்லை என்பதையும் கவனித்தேன். ஆழ்கடலுக்குப் போகிற ஊர். 2023 அக்டோபரில் இந்த ஊர்ப் படகையும் 12 மீனவர்களையும் பிடித்து வைத்தது மாலத்தீவு.

கணக்குப் போட்டால் தாத்தா சொன்னது சத்தியம். மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்தில் காற்று நேராக மோதினால் 900 சதுர அடித் துணி மேல் விழும் தள்ளு கிட்டத்தட்ட 600 கிலோ. ரெண்டு சவுக்குக் கம்பு தாங்குமா?

அகலத்தை 24 அடி ஆக்கினோம். உயரம் 13½. மொத்தம் 324 சதுர அடி. காற்றின் தள்ளு மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கமாக இறங்கியது. வெளிச்சமும் சுமார் 4,500 லூமன் போதும். தெருவிளக்கு, நிலா எல்லாம் குறுக்கே வரும் என்பதால் 7,000 லூமனில் ஒரு லேசர் மிஷினைத் தூத்துக்குடியில் வாடகைக்குப் பிடித்தோம். சொந்தமாக வாங்கி, வருஷத்தில் பத்து மாதம் உப்புக் காற்றில் பூட்டி வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. படகு இன்ஜின் பார்க்கிற தம்பி ஒருத்தர் உடனே தலையாட்டினார். உப்பு சர்க்யூட் போர்டை என்ன செய்யும் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தூரம்? அந்த லென்ஸுக்குத் திரை அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு: 36 அடி. கூட்டத்தின் நடுவில் மேஜை மேல் மேஜை போட்டோம். திரைத் துணியைக் கட்டியது தாத்தா. இறுக்கிக் கட்டாமல், காற்று வந்தால் கொஞ்சம் விட்டுக் கொடுக்கிற மாதிரி நாலு பக்கமும் ரப்பர் பட்டை கோத்து!

புதுப்படத்தை யாரோ கொடுத்த பென் டிரைவில் போடலாம் என்றார்கள். கூடாது, பொது இடத்தில் காட்ட உரிமைக்காரரிடம் அனுமதி வேண்டும் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். அனுமதி வாங்குகிற வரை சோதனைக்கு என்ன போடுவது? பையன்கள் கடலில் செல்போனில் எடுத்த வீடியோக்கள் இருந்தன.

ஏழு மணிக்குப் படம் சலவைக்குப் போன லுங்கி மாதிரி வெளுத்துக் கிடந்தது. ஏழரைக்கு நன்றாக இருட்டியதும் கலர் வந்தது. ஆழ்கடல். படகு ஒருபக்கமாகச் சாய்கிறது, ஆட்கள் வலை இழுக்கிறார்கள், ஒரு அலை எழுந்து திரை முழுவதையும் மூடுகிறது. செல்போனில் கட்டை விரல் அளவில் பார்த்த அதே அலை இப்போது 24 அடி.

பெண்கள் பக்கத்தில் பேச்சு நின்றுவிட்டது. ஒரு அம்மா எழுந்து நின்று, திரையைப் பார்த்தபடியே மகனைக் கேட்டார்.

''இம்புட்டு அலைலயால போறீக?''

''இது சின்ன அலைம்மா'' என்றான் பையன். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியிருக்கும். மிஷின் பக்கம் திரும்பி, ''அண்ணே, அடுத்ததப் போடுங்க'' என்றான்.