இரண்டு ஆள் உயரக் கல்

பாறை ஏறுகிற பிள்ளைகள் கல்வராயன் மலைக்கு வருவதில்லை. பெங்களூரிலிருந்து கிளம்பினால் ராமநகரம், ஹம்பி, பாதாமி என்று போய்விடுகிறார்கள். கொஞ்சம் கை தேறியதும் இமாசலத்துச் சத்ருவுக்கும் லடாக்கின் சுரு பள்ளத்தாக்குக்கும் கிளம்புகிறார்கள். எங்கள் மலையின் பெயர் செய்தித்தாளில் வந்தால் அநேகமாகச் சாராயத்தோடு சேர்ந்துதான் வரும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போன பிறகு அந்தப் பெயர் இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொண்டது. ஆகவே என் தங்கை மகன் ஒரு பொங்கலுக்கு முதுகில் மெத்தையைக் கட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் இறங்கியபோது, தவணைக்கு மெத்தை விற்க வந்தவன் என்று எங்கள் தெருவில் நினைத்ததில் வியப்பில்லை.

அந்த மெத்தைக்கு கிராஷ் பேட் என்று பெயர். இரண்டாக மடியும், தோளில் மாட்ட வார் உண்டு, நாலு மூலையிலும் கைப்பிடி உண்டு. அவன் செய்கிற வேலைக்கு பவுல்டரிங் என்று பெயர். கயிறு கிடையாது, இடுப்புவார் கிடையாது. இரண்டு ஆள் உயரம், மிஞ்சினால் மூன்று ஆள் உயரமுள்ள உருண்டைப் பாறையை அதன் கடினமான பக்கமாக ஏறுவது. விழுந்தால் மெத்தையில் விழ வேண்டும். மெத்தை ஓரத்தில் நிற்கும் நண்பன், விழுகிறவனின் தலையும் முதுகும் தரையில் அடிபடாதபடி மெத்தைப் பக்கமாகக் கையால் திருப்பிவிட வேண்டும். பெரும்பாலான பாறைகளுக்குப் பின்பக்கம் சுலபமான வழி ஒன்று இருக்கும். அது இறங்குவதற்கு மட்டும்.

இதில் உச்சி என்று ஒன்று பெயருக்குத்தான் இருக்கிறது. பாறைத் தலையில் ஏறி நின்றால் தெரிவது பெரும்பாலும் பக்கத்துப் பாறைதான். கொடி நட இடமில்லை. எனக்கு இந்த விளையாட்டில் பிடித்ததே அதுதான். மலையேறிகளின் சுயசரிதைகளில் 'வென்றேன்' என்ற சொல்லைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன ஆள் நான்.

சத்ருவைப் பற்றி அவன் சொல்லிக் கேட்க வேண்டும். ரோத்தாங் கணவாய்க்கு அப்பால், ஸ்பிதிக்குப் போகும் பாதையில், சந்திரா ஆற்றங்கரையில் இருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3300 மீட்டர். பெரும்பாலான மாதங்கள் பனி மூடிக் கிடக்கும். கோடைக்கும் அடுத்த பனிக்கும் நடுவே சில மாதங்கள்தான் பாதை திறந்திருக்கும். பழங்காலப் பனியாறுகள் உருட்டி வந்து போட்டதும், மேலே மலைமுகத்திலிருந்து பெயர்ந்து விழுந்ததுமாக வீடு அளவுப் பாறைகள் ஆற்றங்கரையெங்கும் சிதறிக் கிடக்கின்றன. அந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். "நாலு பிடி பிடிச்சு ஏறினதும் ரெண்டு கிலோமீட்டர் ஓடின மாதிரி இரைக்கும் மாமா" என்றான். ஆனால் குளிரில் கை வியர்க்காது, விரல் கல்லைக் கவ்விக்கொள்ளும். மூச்சுக்குப் பகையான காற்று விரலுக்கு உறவாக இருக்கிறது.

ஒரு மாலை அவன் கூட்டாளி மெத்தை ஓரத்தில் கால் வைத்துக் கணுக்கால் பிசகிப்போனானாம். அவன் விழுந்தது என் வீட்டு வாசல்படி உயரத்திலிருந்து. பெங்களூர் ஜிம்மில் என்றால் ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போயிருப்பான். அங்கே கைபேசிக்குச் சிக்னல் இல்லை. கற்கள் உருண்டு கிடக்கும் பாதையில் வண்டி எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரி என்றால் ஒன்று கேலாங், இல்லாவிட்டால் சுரங்கப்பாதை வழியாக மணாலி. (2020 அக்டோபரில் அந்த அடல் சுரங்கப்பாதை திறப்பதற்கு முன்பாக இருந்தால் ரோத்தாங்கையே தாண்டியிருக்க வேண்டும்.) கூட்டாளியை மெத்தையின் மேல் கிடத்தி, நாலு கைப்பிடியை நாலு பேர் பிடித்துச் சாலை வரைக்கும் தூக்கி வந்தார்கள்.

இதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு கணக்கு மனதில் ஓடத் தொடங்கியது. பாறையேறிகளுக்கென்று ஒரு தர அளவை இருக்கிறது: அமெரிக்காவின் ஹுவேகோ டாங்க்ஸ் பாறைகளில் ஜான் ஷெர்மன் வகுத்தது, வி என்ற எழுத்தில் தொடங்கி எண் கூடக் கூடக் கடினம். அந்த எண் கல்லை மட்டுமே பார்க்கிறது. சுற்றி எத்தனை மைலுக்கு ஆள் இல்லை, எந்த மாதம் வரை பாதை அடைத்திருக்கும் என்பதெல்லாம் அதில் வராது. ஆனால் விழுகிற உடம்புக்கு அந்தக் கல் எவ்வளவு உயரம் என்பதைத் தீர்மானிப்பது அந்தத் தொலைவுதானே? எலும்பு கட்டும் இடம் தள்ளிப் போகப் போக இரண்டு ஆள் உயரக் கல் வளர்ந்துகொண்டே போகிறது.

இந்தக் கணக்கை எங்கள் மலைக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கல்வராயன் மலை, இமயத்து ஆட்கள் கண்ணில் மலையே இல்லை. வடபாகத்துச் சின்னக் கல்வராயன் சராசரி 2700 அடி. தெற்கே பெரிய கல்வராயன் 4000 அடியை ஒட்டி நிற்கும். மூச்சு இரைக்கிற உயரமில்லை. ஆனால் இந்த மலை வெகு காலம் தொலைவில் இருந்தது, வைக்கப்பட்டும் இருந்தது. நாடு விடுதலையடைந்து கால் நூற்றாண்டு தாண்டியும் இங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் ஜாகிர்தார்களுக்குக் கூலியில்லாமல் உழைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கட்டு முழுதாக அறுந்தது 1976இல்தான். இப்போது கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, கரியாலூர் வழியாக வெள்ளிமலைக்குப் பேருந்து ஏறுகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டம் பிறந்தது 2019இல். சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்தது. சாலையை விட்டு உள்ளே போகிற ஊர்களில் மட்டும் இன்னும் பழைய முறைதான். பிரசவ வலி கண்ட பெண்ணையும் பாம்பு கடித்தவரையும் கம்பில் துணி கட்டி, டோலியில் போட்டுத் தூக்கிக்கொண்டு வண்டி நிற்கும் இடம்வரை நடக்கிறார்கள்.

கரியாலூரைத் தாண்டி ஓர் ஊருக்குப் பக்கத்தில் அவன் ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்தான். இந்த மலையின் கல் சார்னோகைட். கல்கத்தாவைத் தொடங்கி வைத்தவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல், சென்னைப் பக்கத்துப் பல்லாவரம் வட்டாரத்துக் கல் என்று கண்டு, 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் இந்த வகைக்குச் சார்னக்கின் பெயரை வைத்தார். செத்தவன் கல்லறைப் பலகையிலிருந்து வந்த பெயரை, 250 கோடி ஆண்டு வயதான மலைப்பாறைகள் சுமக்கின்றன. சத்ரு பாறை எங்கிருந்தோ வந்தது. எங்கள் பாறை இருந்த இடத்திலேயே உருண்டையானது. மண்ணுக்குள் கிடக்கும்போதே வெடிப்புகளின் வழியாக நீர் இறங்கி, மூலைகளை அரித்து, வெங்காயம் உரிவதுபோல் அடுக்கடுக்காக உரித்து, பிறகு மேல்மண் மழையில் கரைந்து ஓட, கல் வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறது.

அவன் கையில் வெள்ளைப் பொடியைத் தேய்த்துக்கொண்டான். மக்னீசியம் கார்பனேட். ஜிம்னாஸ்டிக் வீரரும் கணித ஆசிரியருமான ஜான் கில் 1950களில் ஜிம்னாஸ்டிக் கூடத்திலிருந்து பாறைக்குக் கொண்டுவந்த பழக்கம். அவன் பொடிக்குக் கொடுத்த விலையைக் கேட்டதும் எனக்கு ஆறவில்லை. சேலத்தில் ரயிலில் போனால் தெரிகிற வெள்ளைக்கல் கரட்டின் வெள்ளை மக்னீசியம் கார்பனேட்தானே! பக்குவம் பண்ணாத கல்லை அரைத்துப் பூசினால் கை கிழியும் என்று சிரித்தான்.

மெத்தையை விரித்ததும் ஊரில் பாதி கூடிவிட்டது. அவன் ஏறுவதும், வழுக்கி விழுவதும், பாறையின் அடிவயிற்றை முறைத்துப் பார்ப்பதும், மறுபடி ஏறுவதுமாக இருந்தான். ஒரு பெரியவர் பாறையைப் பார்க்கவே இல்லை, மெத்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். வாரைச் சுண்டிப் பார்த்தார்.

"இது எத்தனை ஆள் தாங்கும் தம்பி?"

"ஒரு ஆள் விழறதுக்குத்தாங்க ஐயா."

"விழறதுக்கு இல்ல. படுக்க வெச்சுத் தூக்கறதுக்கு. கம்புல துணி கட்டினா நடு முதுகு மடங்கிப் போவுது. இதுல மடங்காதே."

சத்ருவில் நாலு பேர் ஆபத்தில் கண்டுபிடித்ததை இவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். விலையைக் கேட்டார். மருமகன் பாதியாகக் குறைத்துச் சொன்னான். அதற்கே பெரியவர் கைப்பிடியை மெல்லக் கீழே விட்டுவிட்டார்.

இதற்குள் மெத்தைக்கு வெளியே இரண்டு பையன்கள் அதே பாறையின் இன்னொரு முகத்தில் வெறுங்காலோடு ஏறி உச்சியில் உட்கார்ந்துவிட்டார்கள். மருமகன் வாய் திறந்து பார்த்தான். ஆடு மேய்க்கப் போகிற பிள்ளைகளுக்கு இது விளையாட்டுக் கணக்கில் வராது. மலைத்தேன் எடுக்கிறவர்கள் செங்குத்துப் பாறையில் கயிற்றில் இறங்கிப் புகை காட்டி அடை அறுக்கிறார்கள். அதற்கெல்லாம் எண் போட யாரும் வந்ததில்லை. இதைச் சொல்லி மலைவாசிகளைப் பிறவி வீரர்களாக்கும் எண்ணமும் எனக்கில்லை. தேனெடுப்பில் விழுந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கீழே மெத்தை விரித்திருக்கவில்லை.

எல்லாக் கல்லிலும் ஏறிவிடக் கூடாது என்பதையும் அன்றே அவனிடம் சொன்னேன். இந்த மலையில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் இருக்கின்றன. பார்ப்பதற்கு நாலு பலகைக் கல்லும் ஒரு மூடியும்தான். மேலே கால் வைத்தால் சரியும். மஞ்சள் பூசி, வேல் நட்ட கற்களும் உண்டு. திருக்கோவிலூரும் எங்கள் மாவட்டம்தான். அங்கே தென்பெண்ணை ஆற்றுக்கு நடுவில் ஒரு பெரும்பாறை, அதன் தலையில் சிறு கோயில். பாரி இறந்தபின் அவன் மகளிருக்கு வழி செய்துவிட்டுக் கபிலர் வடக்கிருந்து உயிர்விட்ட இடம் என்பார்கள். வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு, அவர் தீயில் புகுந்ததாகச் சொல்கிறது. எது உண்மையானாலும் அந்தப் பாறையில் ஏறியவர் இறங்கும் வழியைத் தேடவில்லை. ஒவ்வொரு பாறையிலும் முதலில் பின்பக்கம் போய் இறங்குவழி பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் மருமகனுக்கு. அங்கே போனபோது கபிலர் பாறையின் அடிவளைவைப் பார்த்து அவன் கை துறுதுறுத்தது எனக்குத் தெரியும். கும்பிட்டுவிட்டு வந்தான்.

இப்போது எங்களுக்குள் ஒரு வழக்கு இருக்கிறது. கரியாலூர்ப் பக்கத்துப் பாறையின் இருப்பிடத்தைப் பாறையேறிகள் பார்க்கும் செயலியில் போட வேண்டும் என்கிறான் அவன். போடாதே என்கிறேன் நான். மேகம் அருவிப் பக்கம் வார இறுதியில் சேரும் பாட்டில்களைப் பார்த்தவன் நான். வனத்துறை அனுமதி, ஊர்க்காரர் சம்மதம் இரண்டும் இல்லாமல் ஒரு கூட்டம் மெத்தையோடு வந்திறங்கினால் முதலில் விரட்டப்படுவது அங்கே ஆடு மேய்க்கும் பிள்ளைகளாக இருக்கும்.

"ஹம்பியில மெத்தை வாடகைக்கே கிடைக்குது மாமா. இங்க அந்தப் பசங்களே மெத்தை வாங்கி வாடகைக்கு விடலாமே?" என்கிறான். அவன் பேச்சில் நியாயம் இருக்கிறது. மழைக்காலம் முடிந்து, மார்கழிக் குளிரில் கல் காய்ந்த பிறகு வருவதாகச் சொல்லியிருக்கிறான். பழைய மெத்தை ஒன்றைப் பெரியவருக்கென்று எடுத்து வைத்திருக்கிறானாம். செயலி விஷயத்தை அந்த ஊரில் போய்க் கேட்டு முடிவு செய்வதாக ஏற்பாடு. பெரியவர் என்ன சொல்வார் என்று இருவருமே தத்தம் பக்கத்துக்கு ஏற்றபடி நினைத்துக்கொண்டிருக்கிறோம்.