சேவை நாழியும் சீனத்து மிளகெண்ணெயும்

சென்ற ஐப்பசியில் கல்பாத்தித் தேர் பார்க்க ஊருக்குச் சென்றபோது, என் பெட்டியில் வழக்கமான பரிசுப் பொருள்களோடு சிறிய கண்ணாடிக் குப்பி ஒன்றும் இருந்தது. சிங்கப்பூரில் எங்கள் எதிர்வீட்டில் குடியிருக்கும் செங்டூ நகரத்து அம்மையார் கொடுத்த குப்பி அது. உள்ளே இருந்தது சிச்சுவான் மிளகின் சாரம் இறங்கிய எண்ணெய். அதை எதற்காகப் பாலக்காடு வரை சுமந்து சென்றேன் என்று கூறுவதற்கு, முதலில் எங்கள் வீட்டுப் பூசலைக் கூறியாக வேண்டும்.

என் மகனுக்கு வயது 11. சேவை என்றால் முகத்தைச் சுளிப்பான். நூடுல்ஸ் என்றால் இரண்டு கிண்ணம் உண்பான். எதிர்வீட்டு அம்மையார் அவனுக்குச் செய்து கொடுத்து, பின்னர் என் மனைவிக்கும் கற்றுக் கொடுத்தார். செய்முறை எளியதே. கிண்ணத்தின் அடியில் சோயாச் சாறு, சில துளி காடி, ஒரு சிட்டிகை சர்க்கரை, நசுக்கிய பூண்டு, மிளகாய் எண்ணெய். கோதுமை நூடுல்ஸை வேகவைத்து, நீரை வடித்து, சூடு ஆறுமுன் அதன்மேல் கொட்டிக் கிளறுகிறார்கள். மிளகெண்ணெய் அரைத் தேக்கரண்டி, எல்லாம் முடிந்த பிறகே. முன்னமே ஊற்றிக் காய்ச்சினால் மணம் பறந்துவிடும் என்று அம்மையார் இருமுறை எச்சரித்தாராம். (நம் நாட்டு உணவகங்களில் 'ஷெஸ்வான்' என்ற பெயரில் வரும் செக்கச் சிவந்த குழம்பில் இந்த மிளகு பெரும்பாலும் இருப்பதேயில்லை. அதை உண்டுவிட்டு இதன் சுவையை அறிந்துவிட்டதாக அன்பர்கள் எண்ண வேண்டாம்.)

எனக்கோ மனத்தாங்கல். பாட்டி பிழிந்தாள், அம்மா பிழிந்தாள். என் வீட்டில் சேவை நாழியே இல்லை. தொலைபேசியில் அத்தையிடம் முறையிட்டேன். அவள் என் பக்கம் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். "அந்த எண்ணெயை ஒரு குப்பி கொண்டு வா, என்னன்னு பார்க்கலாம்" என்று முடித்துவிட்டாள்.

அத்தைக்கு வயது 84. பழைய கல்பாத்தி அக்கிரகாரத்தில் தனியாக இருக்கிறாள். தேர்க்கூட்டம் கலைந்த மறுநாள், புழுங்கலரிசியை ஊறவைத்து அரைத்து, மாவைக் கிளறி, உருண்டைகளாக்கி வேகவைத்திருந்தாள். மூன்று கால்களும் திருகு பிடியும் கொண்ட நாழி அறையின் நடுவில் நின்றது. "பிழிய ஆள் வேணும். எனக்குக் கை வராமப் போய் மூணு வருஷமாச்சு" என்றாள். மூன்று ஆண்டுகளாக அந்த வீட்டில் சேவை இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மாதந்தோறும் பேசுகிறேன், இதை நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

நானே பிழிந்தேன். உருண்டை கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே திருகியாக வேண்டும்; ஆறினால் மாவு இறுகிவிடும், எவ்வளவு பலசாலியானாலும் பிடி நகராது. வேர்த்து விறுவிறுத்து நான் பிழிந்த சேவையில் பாதியை மோர்க்குழம்புக்கென்று ஒதுக்கினாள். மறுபாதி சீனச்சட்டிக்குப் போனது. தேங்காயெண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை. பூண்டு அந்த அடுக்களைக்குள் நுழையாது. சட்டியை இறக்கிய பிறகு, குப்பியிலிருந்து அரைத் தேக்கரண்டி விட்டேன்.

ஒரு வாய் உண்டாள். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "நாக்கு தரிக்கறதேடா!" என்று சிரித்தாள். தரிப்பு என்பது மலையாளத்திலிருந்து வந்து பாலக்காட்டுத் தமிழில் குடியேறிவிட்ட சொல். மரத்துப் போகும்போது உண்டாகும் குறுகுறுப்பு. சிச்சுவான் மிளகின் குணத்தை இதைவிடச் செம்மையாகச் சொல்ல இயலாது. 2013இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் இந்த மிளகை உதட்டில் தடவிச் சோதித்து, அந்த உணர்ச்சி நொடிக்கு ஏறத்தாழ 50 முறை அதிரும் அதிர்வுக்கு ஒப்பானது என்று கண்டார்கள்.

"எந்த மரத்துக் காயாக்கும் இது?"

மிளகுக் கொடியில் ஒரு வகையாக இருக்கும் என்று உளறினேன். அத்தை குப்பியை முகர்ந்தாள். கறிவேப்பிலை ஒன்றைக் கசக்கி அதையும் முகர்ந்தாள். "மிளகாவது! இது நாரத்தை ஜாதி" என்றாள். பின்னர் படித்துப் பார்த்தால் அவள் சொன்னதே சரி. சிச்சுவான் மிளகுக்கும் நம் கொடி மிளகுக்கும் உறவு கிடையாது. எலுமிச்சை, நாரத்தை, வில்வம், விளா, கறிவேப்பிலை ஆகியவை அடங்கிய தாவரக் குடும்பத்தையே அது சேர்ந்தது.

புறப்படும்போது பழைய வேட்டியில் சுற்றிய நாழியைக் காரின் பின்புறம் வைக்கச் சொன்னாள். வேண்டாம் என்றேன். "உனக்கில்லை, அவனுக்கு" என்றாள்.

அங்கிருந்து இடுக்கி ஜில்லாவில் அடிமாலிக்கு அருகே வசிக்கும் தங்கையின் வீட்டுக்குச் சென்றேன். கோபாலபுரத்தில் எல்லை கடந்து பொள்ளாச்சி, உடுமலை. சின்னாறு சோதனைச் சாவடியில் மீண்டும் கேரளம். காலை அங்கே, நடுப்பகல் இங்கே, மாலை மறுபடி அங்கே. 1956 வரை பாலக்காடு சென்னை ராஜ்யத்தில் இருந்தது. மூணாறு திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. கோடுகள் மாறினாலும் மறையூர்த் தேநீர்க் கடையில் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்திற்குள் கைகோத்து வருகின்றன. சந்தனக் காட்டின் கம்பிவேலியைத் தாண்டியதும் கரும்பு வயல், வெல்லம் காய்ச்சும் கொட்டகையின் புகை. சாலையோரத்தில் காந்தளூர்ப் பூண்டு விற்றார்கள். தங்கையின் அடுக்களையில் தடை இல்லையாதலால் ஒரு கிலோ வாங்கிக் கொண்டேன்.

தங்கை வீட்டுத் தோட்டத்தில் கல்யாண முருங்கையின்மேல் மிளகுக் கொடி படர்ந்திருந்தது. வேலியோரம் வேறொரு மரம். அடிமரம் முழுவதும் கூம்பு கூம்பாகத் தடித்த முட்கள். உதிர்ந்த காய்கள் வாய் பிளந்து, கரிய மணி போன்ற விதையைக் காட்டிக்கொண்டு கிடந்தன. ஒரு தோலை எடுத்துக் கசக்கினேன். குப்பியின் மணம்! பக்கத்து வீட்டு அம்மச்சி, "அது முள்ளிலம்" என்றார். சிச்சுவான் மிளகின் நெருங்கிய உறவு இந்த மரம். கொங்கணத்தார் இதனைத் திரிபலம் என்றும் தெப்பல் என்றும் அழைத்து மீன் குழம்பில் இடுகிறார்கள். நம் மலைகளிலேயே விளைந்தும் நம் அடுக்களை இதை ஏறிட்டுப் பார்க்கவில்லை. (முள் கண்ட மரத்துக் காயையெல்லாம் வாயில் இட வேண்டாம், தெரிந்தவர் காட்டிக் கொடுக்க வேண்டும்.)

விதையை நீக்கித் தோலை மட்டும் எடுத்து, இளஞ்சூட்டு எண்ணெயில் இட்டு வைத்தோம். சீனத்துக் குப்பியைவிடத் தரிப்பு சற்றுக் குறைவு. எலுமிச்சைத் தோலின் வாசம் அதிகம். அன்றிரவு கடை நூடுல்ஸில் காந்தளூர்ப் பூண்டோடு அதைக் கலந்து உண்டோம்.

உண்ணும்போது எதிர்வீட்டு அம்மையார் சொன்ன ஒன்று நினைவுக்கு வந்தது. அவர்கள் மிளகுக்குப் பெயர் 'ஹுவா ஜியாவ்', பூ மிளகு. நம் கறுப்பு மிளகுக்கோ 'ஹு ஜியாவ்', அயலார் மிளகு. 15ஆம் நூற்றாண்டில் செங் ஹோவின் கப்பல்களில் வந்த மா ஹுவான் கொச்சியின் மிளகு வாணிபத்தை எழுதி வைத்திருக்கிறார். அவர்கள் அடுக்களையில் நம் பண்டம் அயலாராகவே புகுந்து நிலைத்தது. நாமும் சீனச்சட்டியில் தாளித்துக்கொண்டு, நூடுல்ஸைப் பார்த்து முகம் சுளிக்கிறோம். நான்தான் சுளித்தேன், அத்தை சுளிக்கவில்லை.

சிங்கப்பூர் திரும்பிய முதல் ஞாயிறன்று நாழியைக் கூடத்தில் வைத்தோம். மகனுக்குச் சேவையில் இல்லாத ஆசை அந்தத் திருகு பிடியில் இருந்தது. இரண்டு உருண்டை பிழிந்தான். மூன்றாவது ஆறிப்போய் மாட்டிக்கொண்டது. பூண்டும் சோயாச் சாறும் மிளகெண்ணெயும் இட்டுக் கலந்து, எதிர்வீட்டுக்கும் ஒரு கிண்ணம் அனுப்பினோம். அன்று மாலை அத்தையை அழைத்தேன்.

"நீ பிழிஞ்சியா, அவன் பிழிஞ்சானா?"

"அவன்தான், அத்தை. மூணாவது உருண்டை இறுகிப் போச்சு."

"உருண்டையைச் சின்னதாப் பிடிக்கச் சொல்லு. எல்லாத்தையும் ஒரேயடியா வெளியே எடுக்காதே" என்றாள்.