கார் ஷெட்ல ஒரு பட்டறை

இன்னிக்கு கார் ஷெட்டை ஒழிச்சாச்சு!

காரை வித்ததுலேர்ந்து பழைய பேப்பர், பெயின்ட் டப்பா, பிரம்பு நாற்காலின்னு அடைஞ்சு கிடந்த இடம்.

இரும்பு ஆங்கிள் ரேக்கை சுவரோட சேர்த்து போல்ட் போட்டாச்சு. கனமானதெல்லாம் கீழ்த்தட்டுல. அந்தக் கீழ்த்தட்டே தரையிலேர்ந்து ரெண்டடி உயரம். 2015 வெள்ளமும் 2023 மிக்ஜாமும் பார்த்த சென்னைக்காரங்களுக்கு ஏன்னு சொல்லவே வேண்டாம்.

தின்னரை மட்டும் இன்வெர்ட்டர் பேட்டரி பக்கத்துல வைக்காதீங்க, ப்ளீஸ். தண்ணி ஊத்தற பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். நல்ல காத்தோட்டம் வேணும்.

அப்பாவோட ரம்பம், உளி, இழைப்புளி எல்லாத்துக்கும் எண்ணெய் தடவி வரிசையா வச்சேன். பொண்ணு அங்கேயே நின்னுட்டா.

"தாத்தா இதுல என்னப்பா செய்வார்?"

காலியான மூலையில அவளுக்கு ஒரு பட்டறை மேசை போடணும். ஏழு வயசுக் குழந்தைக்கு எவ்வளவு உயரம் வைக்கலாம், சொல்லுங்களேன்?