சோழவந்தான்: கொடிக்காலுக்குள் போன வெயில் எங்கே?

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் தடத்தில் கூடல் நகர், சமயநல்லூர் தாண்டினால் அடுத்த ஸ்டேஷன் சோழவந்தான். மதுரை நகரிலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஊர் வைகையின் வடகரையில் இருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் தென்கரை. நடிகரும் பாடகருமான டி.ஆர்.மகாலிங்கத்தின் ஊர். வடக்கே சிறுமலை, தெற்கே நாகமலை. நடுவில் நெல், தென்னை, வாழை, அப்புறம் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த வெற்றிலை. 2023-ல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

சுற்றிப் பார்க்க மார்கழி, தை மாதங்கள்தான் இதம். ஆனால் வெப்பம் எப்படி நடமாடுகிறது என்று பார்க்க வேண்டுமானால் சித்திரை, வைகாசியில்தான் இங்கே வர வேண்டும். ஜெனகை மாரியம்மன் கோயிலில் வைகாசித் திருவிழா நடக்கும் சமயம், வெயில் 40 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மதுரை வட்டாரத்தில் சூரியன் நேர் உச்சியில் நிற்பது சித்திரை பிறந்த இரண்டு மூன்று நாட்களில். அதாவது ஏப்ரல் 16-ஐ ஒட்டி. ஆனால் கத்தரி வெயில் என்று நாம் அலறுவது மே மாதத்தில். தோசைக்கல்லை அடுப்பில் வைத்த உடனே மாவு ஊற்ற முடியாது அல்லவா? நிலமும் அப்படித்தான். வாரக்கணக்கில் வாங்கிய வெப்பத்தைச் சேர்த்துவைத்து, ஈரமெல்லாம் காய்ந்த பிறகுதான் முழு வேகத்தில் சுடும். பகல் 12 மணியைவிட 2 மணிக்கு வெயில் கொடுமையாகத் தெரிவதும் இதே கதைதான்.

ஆற்று மணலில் ஒரு சாண்

தண்ணீர் இல்லாத வைகையில் நடுப்பகலில் செருப்பில்லாமல் நடக்க முடியாது. காய்ந்த மணலின் மேற்பரப்பு 50 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அதே இடத்தில் கையால் ஒரு சாண் தோண்டினால் மணல் குளிர்ந்திருக்கும். மணலுக்கு இடையே சிக்கியிருக்கும் காற்று, வெப்பத்தைக் கீழே எளிதில் கடத்தாது. அரை மீட்டர் ஆழத்தில் பகலுக்கும் இரவுக்கும் அநேகமாக வித்தியாசமே இருக்காது.

கீழே போக முடியாத வெப்பம் என்ன செய்யும்? மேலே இருக்கும் காற்றைச் சூடாக்கும். சூடான காற்று லேசாகி எழும்பும்; மதியம் ஆற்றங்கரையில் சுழன்று எழும் புழுதி அதன் அடையாளம். மிச்ச வெப்பம் கண்ணுக்குத் தெரியாத கதிர்களாக வானத்துக்குத் திரும்பும். வானம் தெளிவாக இருந்தால் இரவில் மணல் சீக்கிரம் ஆறிவிடும். மேகம் மூடினால் அந்தக் கதிர்களில் ஒரு பகுதி திரும்பி வந்துவிடும், மொட்டை மாடியில்கூடத் தூக்கம் வராது.

வெற்றிலைக்கும் வியர்க்கும்

ஆற்றிலிருந்து வரப்பு வழியே கொடிக்காலுக்குள் நுழைந்தால், வேறு ஊருக்கு வந்துவிட்டது போல் இருக்கும். அகத்தி மரங்கள் வரிசையாக நிற்க, அவற்றில் வெற்றிலைக் கொடி ஏறியிருக்கும். வரிசைகளுக்கு நடுவே தண்ணீர் ஓடும் வாய்க்கால். நிழல்தான் இந்தக் குளிர்ச்சிக்குக் காரணம் என்று தோன்றும். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியைச் செய்வது தண்ணீர்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டுமென்றால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. மின்சாரக் கணக்கில் சொன்னால் மூன்றில் இரண்டு பங்கு யூனிட். ஒரு ஏக்கர் தோட்டத்தில் இலையும் மண்ணுமாக ஒரு நாளில் நான்கு மில்லிமீட்டர் அளவுக்கு நீரை ஆவியாக்குவதாக வைத்துக்கொள்வோம். அது 16,000 லிட்டர். அதற்குச் செலவாகும் வெப்பம் பத்தாயிரம் யூனிட்டுக்கு மேல். ஒன்றரை டன் ஏசி 200, பத்து மணி நேரம் ஓடினால் வெளியேற்றும் வெப்பம் ஏறக்குறைய இவ்வளவுதான். கரன்ட் பில் இல்லாமல் இந்த வேலை நடக்கிறது!

ஆனால் உள்ளே வேலை செய்பவர்களுக்கு இது முழுச் சுகம் இல்லை. காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் உடம்பு வியர்வை காயாது. ஏணியில் ஏறி இலை கிள்ளுகிறவரின் சட்டை காலையிலேயே நனைந்துவிடும்.

கடலில் ஏறி, மலையில் இறங்கி

இந்தத் தண்ணீர் வந்த பாதையும் வெப்பத்தின் பாதைதான். தென்மேற்குப் பருவத்தில் அரபிக் கடல் நீர் ஆவியாகும்போது, கடலின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறி மேகமாகக் குளிரும்போது, அந்த வெப்பத்தை அங்கே காற்றில் விட்டுவிட்டு மழையாக இறங்குகிறது. மலைக்கு இந்தப் பக்கம் மழை மறைவுப் பிரதேசம். பென்னிகுவிக் கட்டி 1895-ல் பயன்பாட்டுக்கு வந்த பெரியாறு அணை, அந்த மழையை மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பியது. 1959 முதல் வைகை அணை அதைத் தேக்கிவைக்கிறது. அங்கிருந்து ஆற்றில் வந்து, பேரணையில் கால்வாய்க்குப் பிரிந்து, இந்த வட்டாரத்து வயல்களை நனைக்கிறது. வயலிலும் கொடிக்காலிலும் அது மறுபடி ஆவியாகும். மறுபடி வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகும். கோடையில் சில நாள் சாயங்காலம் சிறுமலைப் பக்கம் இடி இடித்தால், அந்த மேகத்தில் சோழவந்தான் வெயிலும் கொஞ்சம் இருக்கலாம்.

தண்ணீர் வராத வருடத்தில் இந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது. வெற்றிலைக் கொடிக்கு வேர் ஆழமாகப் போகாது. மேல் மண்ணின் ஈரமே அதற்கு உயிர். ஈரம் குறைந்தால் இலை தன் நுண்துளைகளை மூடிக்கொள்ளும். வியர்வை நின்ற மனிதனைப் போல இலையின் சூடு ஏறும், ஓரம் கருகும். கருகிய இலையைச் சந்தையில் யார் வாங்குவார்கள்? தண்ணீர், கூலி, நோய் எனப் பல காரணங்களால் கொடிக்கால் பரப்பு முன்புபோல் இல்லை. ஒரு கொடிக்கால் காலியாகி வீடுகள் எழுந்தால், இழப்பு அந்த விவசாயிக்கு மட்டும் அல்ல. ஆவியாக்க ஈரம் இல்லாத சிமென்ட், பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் தெருவுக்கே திருப்பித் தரும்.

கிள்ளிய பிறகும் வெற்றிலை மூச்சு விடுகிறது. அந்த மூச்சில் சூடு உண்டு. நெருக்கிக் கட்டினால் கட்டுக்குள் வெந்து மஞ்சளாகிவிடும். அதனால்தான் தண்ணீர் தெளித்து, வாழை இலை சுற்றி அனுப்புகிறார்கள்.

பார்க்க விரும்புகிறவர்கள் காலை ஏழு மணிக்குள் வந்துவிடுவது நல்லது. தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். செருப்பை வரப்பிலேயே கழற்றிவிடுங்கள். கொடிக்காலுக்குள் செருப்போடு நுழைவதைப் பல தோட்டங்களில் விரும்புவதில்லை.