வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம்!

ஆக்ராவுக்குப் போய்த் தாஜ்மஹாலைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்ற ஆசை உங்கள் வீட்டிலும் பல வருஷமாக இருந்துகொண்டிருக்கும். இந்த லீவுக்கு நிச்சயம் போவதென்று தீர்மானமும் ஆகியிருக்கலாம். ரொம்ப சந்தோஷம். ஆனால் பரணிலிருந்து பெட்டியை இறக்குவதற்கு முன்னால் காலண்டரை ஒரு தரம் பாருங்கள். வெள்ளிக்கிழமையாக இருந்தால் மாற்றிவிடுங்கள். ஏன் என்கிறீர்களா? எங்கள் வீட்டுக் கதையைக் கேளுங்கள்.

சில வருஷங்களுக்கு முன் டில்லியில் ஓர் உறவினர் கல்யாணம். கல்யாணம் முடிந்த கையோடு ஆக்ராவுக்கும் ஒரு நடை போய் வருவதென்று ஏற்பாடு. வியாழனா, வெள்ளியா என்று பேச்சு வந்தபோது, “வெள்ளிக்கிழமையே போகலாம். நல்ல நாள்” என்றார் என் மாமியார். அவருக்கு வயது 72.

“சமாதியைப் பார்க்கப் போவதற்கு நல்ல நாள் எதற்கு, அம்மா?” என்றார் என் கணவர்.

“போகிறவர்கள் நல்லபடியாகத் திரும்பி வரவேண்டாமா?”

இதற்கு என்ன பதில் சொல்லுவது? வெள்ளிக்கிழமையே கிளம்பினோம். விடியற்காலையில் எழுந்து, குளிரில் நடுங்கிக்கொண்டு, தாஜ்மஹால் வாசலில் போய் இறங்கினால், கதவு சாத்தியிருக்கிறது! வெள்ளிக்கிழமைகளில், அங்குள்ள மசூதிக்கு மத்தியானத் தொழுகைக்கு வருகிறவர்களைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடுவதில்லை. இது ஒன்றும் ரகசியம் இல்லை. உலகத்துக்கெல்லாம் தெரிந்த விஷயம். பஞ்சாங்கம் பார்த்த மாமியாரைச் சொல்லிக் குற்றமில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நான் அல்லவா பார்த்திருக்கவேண்டும்!

சாயந்திரம் ரயில். வேறு வழி? யமுனைக்கு அக்கரையில் மெஹ்தாப் பாக் என்று ஒரு பழைய மொகலாயத் தோட்டம் இருக்கிறது. அதற்கு வார விடுமுறை கிடையாது. ஆட்டோக்காரர் எங்களை அங்கே கொண்டு போய் விட்டார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தாஜ்மஹால் வெள்ளை வெளேரென்று நின்றது. (ஷாஜஹான் தனக்காக இந்தக் கரையில் ஒரு கறுப்புத் தாஜ்மஹால் கட்ட நினைத்தான் என்று யாராவது உங்களிடம் சொல்லுவார்கள். நம்பாதீர்கள். 1990-களில் தோண்டிப் பார்த்தபோது தோட்டமும் எட்டுக் கோணக் குளமும்தான் அகப்பட்டன.)

மாமியார் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “அந்த ராணிக்கு என்ன உடம்பு? எப்படிப் போனாள்?” என்று கேட்டார்.

தெரிந்ததைச் சொன்னேன். மும்தாஜுக்குக் கல்யாணம் ஆனது 1612-ல். 19 வருஷத்தில் 14 பிரசவம். குழந்தைகளில் பாதிதான் தங்கின. ஷாஜஹான் தக்காணத்துக்குப் படையெடுத்து வந்தபோது அவளும் கூட வந்தாள். 1631-ல் புர்ஹான்பூரில் பதினாலாவது பிரசவத்தில் உயிர் போயிற்று. அங்கேயே ஒரு தோட்டத்தில் அடக்கம் செய்து, சில மாதம் கழித்து ஆக்ராவுக்குக் கொண்டுவந்தார்கள்.

“குழந்தை?”

“பிழைத்தது, அத்தை. பெண் குழந்தை. கௌஹரா பேகம் என்று பெயர். 75 வயதுவரை இருந்தாள்.”

மாமியார் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

“நானும் அப்படிப் பிறந்தவள்தான். என் அம்மாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது” என்றார்.

அவர் வீட்டுக்கு வந்து நான் இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் செய்திருக்கிறேன். இது எனக்குத் தெரியாது.

“கிட்டப் போய்ப் பார்க்க முடியாதா?” என்று அவர் கேட்டபோது, எங்களுக்கு நடுவில் யமுனை ஓடிக்கொண்டிருந்தது.

மறு வருஷம் போட்ட திட்டம் முழுக்க என்னுடையது. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

மே, ஜூன் மாதங்களில் ஆக்ரா வெயிலில் சலவைக்கல் மேடைமேல் நிற்க முடியாது. டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டம் கவிழ்ந்துவிட்டால் தாஜ்மஹால் இருக்கும் திசையே தெரியாது; ரயில்களும் மணிக்கணக்கில் தாமதமாகும். அக்டோபர், நவம்பர் அல்லது பிப்ரவரி, மார்ச்சுதான் சௌகரியம். சென்னையிலிருந்து நேரே போகிறவர்களுக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸும் ஆக்ரா கண்டோன்மென்டில் நிற்கின்றன.

பௌர்ணமி நிலவில் பார்க்கவேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. 1984-ல் நிறுத்திய அந்த வழக்கத்தை 2004-ல் மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். பௌர்ணமியும், அதற்கு முன்னால் இரண்டு நாளும், பின்னால் இரண்டு நாளும் உண்டு. வெள்ளிக்கிழமையும் ரம்ஜான் மாதமும் இதற்கும் கிடையாது. ஆனால் விசாரித்தபோதுதான் தெரிந்தது: ஒரு தடவைக்கு 50 பேராக அரைமணி நேரம் விடுகிறார்கள், தொலைவிலிருந்து பார்ப்பதோடு சரி. மாமியார் கேட்டதோ கிட்டப் போய்ப் பார்க்க. ஆகவே நிலாவை விட்டுவிட்டேன்.

அதிகாலைதான் சரியான நேரம். சூரியோதயத்துக்கு அரைமணி முன்பே கதவைத் திறந்துவிடுகிறார்கள். அதற்கு, முந்தின ராத்திரி ஆக்ராவிலேயே தங்கவேண்டும். டிக்கெட்டை முன்கூட்டியே இண்டர்நெட்டில் வாங்கிவிடலாம். நம்மவர்களுக்கு 50 ரூபாய். மேடைமேல் ஏறிச் சமாதி மண்டபத்துக்குள் போக இன்னும் 200 ரூபாய் என்று 2018 டிசம்பரில் ஏற்பாடு செய்தார்கள். இந்த 200 ரூபாயில் சிக்கனம் பார்க்காதீர்கள்! தோட்டத்தோடு திரும்புவதற்கா இவ்வளவு தூரம் போனோம்? 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு டிக்கெட் இல்லை. உள்ளே இருக்க மூன்று மணி நேரம்தான் கெடு.

கார் வாசல்வரை போகாது. புகை பட்டுக் கல் கெட்டுவிடும் என்று தூரத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். அங்கிருந்து பாட்டரி வண்டி உண்டு. முழங்கால் வலிக்காரர்கள் வீட்டில் இருந்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். புளியோதரைப் பொட்டலத்துக்கு உள்ளே அனுமதி இல்லை. தண்ணீர்ப் புட்டி போகலாம். பசித்தால் வெளியே வந்து, வெள்ளைப் பூசணிக்காயில் பண்ணிய ஆக்ரா பேட்டாவைத் தின்னலாம். நம் காசி அல்வாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரி!

உள்ளே போனதும் பூவேலையைக் கிட்ட நின்று பாருங்கள். மக்ரானாவிலிருந்து வந்த சலவைக்கல்லைக் குடைந்து, ஆப்கானிஸ்தானத்து நீலக்கல்லும் மற்றக் கற்களுமாகச் சீவிப் பதித்திருக்கிறார்கள். பட்டுப் புடவையில் ஊசி வேலை செய்கிறவர்கள்கூட ஒட்டுப் போட்ட இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்துக் கல்லில் பதித்த இலை ஒன்று காற்றில் மடங்கினாற்போல் இருக்கிறது. அதன் முன்னால் மட்டும் கால்மணி நின்றேன்.

மண்டபத்துக்குள் மங்கிய வெளிச்சம். அங்கே போட்டோ எடுக்கக்கூடாது, அதுவும் நல்லதுதான். சல்லடை போல் குடைந்த சலவைக்கல் தட்டிக்குள்ளே நட்டநடுவில் மும்தாஜ். பக்கத்தில் சற்றுப் பெரிதாக ஷாஜஹான். 1666-ல் அவன் இறந்தபோது கொண்டுவந்து வைத்ததால், எல்லாம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அமைந்த அந்த இடத்தில் அது ஒன்றுதான் ஒழுங்கை மீறி நிற்கிறது. உண்மையான சமாதிகள் கீழறையில் இருக்கின்றன. ஷாஜஹானின் உருஸ் நடக்கும் நாட்களில் மட்டும் அதைத் திறக்கிறார்கள்.

“நடுவில் இருக்கிறதுதான் அவளா?” என்றார் மாமியார்.

“ஆமாம், அத்தை.”

“ராஜாவுக்கு இடம் போதவில்லையே!”

அதற்குமேல் அவர் பேசவில்லை. கல் தட்டி ஓரமாகவே நின்றார். பின்னால் கூட்டம் நெருக்கியது. காவலாள் விசில் ஊதி, “சலோ, சலோ” என்றான். ஹிந்தி தெரியாதது மாமியாருக்கு அன்று ரொம்ப உபயோகமாக இருந்தது.

வெளியே வந்து, யமுனையைப் பார்த்த பக்கத்து நிழலில் உட்கார வைத்தேன். வெயில் அப்போதுதான் அக்கரையில் ஏறிக்கொண்டிருந்தது. மாமியார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

“அதோ அந்த மரங்கள் தெரிகிறதே, அங்கேதானே போன தடவை உட்கார்ந்திருந்தோம்?”

“அங்கேதான், அத்தை.”

“அவ்வளவு தூரமா இருந்தது!” என்றார்.