அண்ணனின் குறுக்குவில்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் பேரன் கைபேசியை என் மூக்குக்கு நேராக நீட்டினான். "தாத்தா, இது வாங்கித் தர்றியா? மொட்டை மாடியில வெச்சு சுடலாம்."

பார்த்தால் குறுக்குவில். துப்பாக்கி போலக் கட்டை, விசை, முன்னால் வில், வில்லின் இரண்டு நுனியிலும் கப்பி. எங்கள் வடபழனி மாடியில் ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, மறுபக்கம் அடுத்த வீட்டுக் கொடியில் காயும் துணி. அதற்கும் அப்பால் கோயில் கோபுரம். சினிமாவுக்கு வில்லும் கிரீடமும் வாடகைக்குக் கிடைக்கும் பேட்டைதான் இது. ஆனால் அந்த வில் அட்டையும் ஜிகினாவும். இது அப்படி இல்லை.

"வேண்டாம்" என்றேன்.

"இந்தியா தங்கம் வாங்கின விளையாட்டு தாத்தா!"

அவன் சொன்னதில் பாதி சரி. 2023-ல் பெர்லினில் நடந்த உலகப் போட்டியில் ஜோதி சுரேகா, அதிதி சுவாமி, பர்னீத் கவுர் மூவரும் காம்பவுண்ட் அணிப் பிரிவில் தங்கம் வென்றார்கள். பதினேழு வயது அதிதி தனிநபர் தங்கமும் வாங்கினாள். ஆனால் அது கையால் இழுத்து, கையாலேயே பிடித்து நிறுத்தி எய்யும் வில். குறுக்குவில்லில் நாணைப் பிடித்து வைத்திருப்பது இரும்புக் கொக்கி. அந்த வித்தியாசத்தை எனக்குக் காட்டியவர் என் அண்ணன், அதாவது பெரியம்மா மகன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். வில்லியம் டெல் எங்களுக்குக் கியோம் டெல். மகன் தலையில் வைத்த ஆப்பிளை எய்தவர் கையில் இருந்தது 'அர்பலேத்' என்று வாத்தியார் வாசித்தார். ஏதோ ஒரு வில் என்று நினைத்து, ராமர் கோதண்டம் பிடித்து நிற்பது போலவே டெல்லையும் ஐம்பது வருஷம் மனதில் நிறுத்தி வைத்திருந்தேன். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டை மதில்மேல் இருந்ததாகச் சொல்லும் வளைவிற்பொறியும் இந்த வகைக்குத் தூரத்து உறவோ என்று பின்னால் தோன்றியது. அது என் ஊகம், புலவர்கள் மன்னிக்கட்டும்.

1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பெரியப்பா எழுதிக் கொடுத்தார், அப்பா கொடுக்கவில்லை. அண்ணன் கப்பல் ஏறினார். நான் சென்னையில் ஒரு கணக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாகி, தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் நோட் போடக் கற்றுக்கொண்டேன். அவர் வருஷத்துக்கு ஒரு கடிதம் போடுவார். பணக்கார உறவு என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு முள் இருந்தது. சொல்லிவிடுகிறேனே, இனி என்ன வெட்கம்.

2016 ஜூனில்தான் அவர் வீட்டுக்குப் போனேன். பாரிசுக்கு வடக்கே, பிக்கார்டிப் பக்கம் ஒரு கிராமம். அந்த வட்டாரமே வில்லாளிகளின் ஊர். செபஸ்தியாரைக் காவலராகக் கொண்ட பழைய வில் சங்கங்கள் இன்னும் இருக்கின்றன. அண்ணன் எந்தச் சங்கத்திலும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் மண்மேடு, அதற்கு முன்னால் நுரைக்கட்டை இலக்கு. தனியாக எய்வார்.

வில்லின் இழுவிசை 150 பவுண்டு, கிட்டத்தட்ட 68 கிலோ. முன்னாலிருக்கும் வளையத்தில் காலை வைத்து மிதித்துக்கொண்டு, கொக்கி வைத்த கயிற்றால் நாணை இழுக்க வேண்டும். கயிறு கப்பிபோல் வேலை செய்வதால் கைக்குப் பாதி பாரம்தான். வில் நுனியில் கப்பி வைக்கும் யோசனை அமெரிக்காவின் மிசௌரிக்காரர் ஹாலஸ் ஆலனுடையது. 1966-ல் விண்ணப்பித்து 1969-ல் காப்புரிமை வாங்கினார். குட்டையான வில்லிலிருந்து இத்தனை வேகம் கிடைப்பது அந்தச் சக்கரங்களால்தான். அம்பு நொடிக்கு முந்நூறு அடி போகும்.

இருபது மீட்டரில் என் முதல் அம்பே உள்வட்டத்துக்குப் பக்கத்தில் போய்ப் பாய்ந்தது. அப்போது எனக்கு வயது அறுபத்தாறு, கண்புரை அறுவை முடிந்து நாலு மாதம். பெருமை தாங்கவில்லை. இரண்டாவதும் அதே இடத்துக்குக் குறி வைத்தேன். அண்ணன் தடுத்தார். "ஒரே புள்ளியில ரெண்டு விட்டா முன்ன போன அம்பு பிளந்துடும்டா. அதுக்குத்தான் அஞ்சு வட்டம் போட்டிருக்கேன்."

மூன்றாவது அம்புக்கு வில்லை எடுத்தபோது முழங்கையில் பளீரென்று ஒரு அடி. அண்ணன்தான், கைத்தடியால். தோட்டத்தில் அவர் மருமகள் நின்றிருந்தாள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. வில்லைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனேன். மத்தியானச் சாப்பாட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. "பிரெஞ்சுக்காரர், அடிக்கலாம்" என்று மனசுக்குள் அறுபத்திரண்டாம் வருஷம் வரைக்கும் போய்விட்டேன்.

சாப்பிட்டதும் தன் இடது கையை மேஜைமேல் வைத்தார். கட்டைவிரலில் நகம் இல்லை, நுனியும் கொஞ்சம் குறைவு. வந்து மூன்று நாள் ஆகியும் நான் கவனிக்கவில்லை. கட்டையைத் தாங்கும் கையின் கட்டைவிரல் நாண் ஓடும் தடத்துக்கு மேலே எட்டிப் பார்த்தால் நாண் அதையும் இழுத்துக்கொண்டு போகும். என் விரலும் அப்படித்தான் நின்றிருக்கிறது. "கத்தியிருந்தா நீ பயந்து விசையை இழுத்திருப்பே. அதான் அடிச்சேன்" என்றார்.

மீதிப் பத்து நாளும் எய்ததைவிடத் துடைத்ததுதான் அதிகம். நாணுக்கு மெழுகு தேய்த்து, வெப்பம் வரும்வரை விரலால் நீவ வேண்டும். கொக்கியில் மாட்டும் நடுப்பகுதியின் சுற்றுநூல் பிரிகிறதா என்று பார்க்க வேண்டும். தடத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய், அதற்கு மேல் கூடாது. பஞ்சை எடுத்து வில்லின் கைகளில் தடவுவார். எங்கேயாவது பஞ்சு மாட்டினால் அங்கே கண்ணுக்குத் தெரியாத கீறல், அன்றைக்கு எய்வது கிடையாது. அம்பில்லாமல் நாணை விடவே கூடாது. அம்பு கொண்டுபோக வேண்டிய விசை முழுதும் வில்லிலேயே இறங்கி அதை உடைக்கும். ஏற்றிய வில்லைத் தளர்த்தவும், பழைய அம்பு ஒன்றை இலக்கில் விட்டாக வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம்: தேதி, எத்தனை அம்பு, எப்போது மெழுகு, எப்போது நாண் மாற்றம். நான் முப்பத்தைந்து வருஷம் லெட்ஜர் எழுதியவன். ஓரத்தில் கோடு போட்டிருந்த நேர்த்தியைப் பார்த்து மனசு நிறைந்துவிட்டது.

கிறிஸ்தவர்கள்மேல் இந்த ஆயுதத்தை எடுக்கக் கூடாது என்று 1139-லேயே லேட்டரன் சபை தடை போட்டது. அறுபது வருஷத்தில், 1199-ல், சிங்கநெஞ்சன் ரிச்சர்ட் குறுக்குவில் அம்பு பட்டுத்தான் செத்தான். கைவில்லில் குறி பழக வருஷங்கள் வேண்டும். இதற்கு ஒரு காலை நேரம் போதும். எனக்குப் பயமே அதில்தான். சுட வராதவனுக்கும் வந்துவிடும், பின்னால் மண்மேடு வேண்டும் என்பது மட்டும் வராது.

இதையெல்லாம் பேரனிடம் சொன்னேன். அவன் பாதி கேட்டான். கட்டைவிரல் கதையை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னான். கடைசியில் நகரத்தில் ஒரு வில்வித்தை வகுப்பில் சேர்த்துவிட்டிருக்கிறோம்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். தோள் போய்விட்டது, ஒன்றரை வருஷமாக நாண் ஏற்ற முடியவில்லை என்றார். மகனுக்கு அதில் நாட்டம் இல்லை. "அப்ப வில்லு?"

"அலமாரியில இருக்கு. மாசம் ஒருதடவை மெழுகு போடறேன். நோட்டுல எழுதறேன். அம்பு: சைபர்."

நான் என்ன சொல்வதென்று தெரியாமல் பேச்சை மாற்றினேன். பேரனுக்கு இரண்டு வாரமாக வெறும் ரப்பர் பட்டையைத்தான் இழுக்கக் கொடுக்கிறார்களாம், வில்லைத் தொடவே விடவில்லையாம், ஒரே கோபம் என்றேன். அந்தப் பக்கம் அண்ணன் சிரிக்க ஆரம்பித்து, இருமல் வந்து, அப்புறமும் சிரித்துக்கொண்டிருந்தார்.